குட்டி நாடு லக்சம்பர்க் விண்வெளியில் என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளிப் பேச்சில் இஸ்ரோ, நாசா, சீனா என்று போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் லக்சம்பர்க் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு நொடி நிறுத்துவார். அப்புறம் கேள்விகள் வரும். யார் கேட்டாலும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போக வில்லங்கமானவை.

லக்சம்பர்க்னா ஊரா, நாடா? எங்கே இருக்கு?

இரண்டும்தான். பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றுக்கும் நடுவில் இருக்கும் நாடு, தலைநகருக்கும் அதே பெயர். மொத்தப் பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை ஏழு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. கடல் கிடையாது. மன்னர் உண்டு, அவருக்குப் பட்டம் கிராண்ட் டியூக்.

இன்று பணக்கார நாடு என்றால் வங்கிகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு முன்னால் அந்த நாட்டுக்குச் சோறு போட்டது இரும்பு. தெற்குப் பகுதியில் தாது வெட்டி, அங்கேயே உருக்கி விற்றார்கள். 1970-களில் ஐரோப்பிய எஃகுத் தொழில் படுத்தபோது நாடே ஆடிப்போனது. வேறு பிழைப்பு தேடியாக வேண்டிய அந்த நெருக்கடியில்தான் விண்வெளிக் கதை தொடங்குகிறது.

அவங்ககிட்ட ராக்கெட் இருக்கா? ஏவுதளம்? விண்வெளி வீரராவது இருக்காரா?

மூன்றும் இல்லை. அவர்களுடைய செயற்கைக்கோள்கள் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து, அமெரிக்காவிலிருந்து, சமயத்தில் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போகும். ஐரோப்பிய விண்வெளி முகமையில் முழு உறுப்பினரானதே 2005-ல்தான். சொந்தமாக ஒரு விண்வெளி முகமை தொடங்கியது 2018 செப்டம்பரில். அந்த முகமையின் வேலையும் கலம் அனுப்புவதல்ல, விண்வெளித் தொழில் செய்யும் நிறுவனங்களை நாட்டுக்குள் கொண்டுவந்து வளர்ப்பது.

ராக்கெட்டே இல்லாம எப்படி உள்ளே நுழைஞ்சாங்க?

வானொலி வழியாக. 1933-லேயே ரேடியோ லக்சம்பர்க் ஆங்கிலத்தில் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. பிரிட்டனில் பிபிசி மட்டும், அதிலும் விளம்பரம் கூடாது. இவர்களோ பாட்டும் விளம்பரமுமாக எல்லை தாண்டி அனுப்பிக் காசு பார்த்தார்கள். அடுத்த நாட்டுக்காரன் காதுக்கு நம் மண்ணிலிருந்து ஒலிபரப்பலாம், அதில் வருமானமும் உண்டு என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே கற்றுக்கொண்ட நாடு அது.

1980-களில் அதையே செயற்கைக்கோளில் செய்யலாம் என்ற யோசனை வந்தது. கிளே வைட்ஹெட் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த திட்டம் அது. அப்போதைய பிரதமர் பியர் வெர்னர் பிடித்துக்கொண்டார். 1985 மார்ச்சில் எஸ்இஎஸ் என்ற நிறுவனம் பிறந்தது. தனியார் முதலீடு, அதோடு அரசின் பங்கும் கடனுக்கு அரசின் ஜாமீனும். 1988 டிசம்பர் 11 அன்று கூரூவிலிருந்து ஏரியன் 4 ராக்கெட்டில் அதன் முதல் செயற்கைக்கோள் அஸ்ட்ரா 1ஏ கிளம்பியது.

பெரிய பக்கத்து நாடுங்க சும்மா விட்டாங்களா?

விடவில்லை. பிரான்சில் அந்தத் திட்டத்தை 'கோகோ கோலா செயற்கைக்கோள்' என்று கேலி செய்தார்கள். அமெரிக்கச் சரக்கு ஐரோப்பியக் கூரைக்குள் வருகிறது என்ற பொருளில்.

கேலிக்குப் பின்னால் தொழில் போட்டி இருந்தது. பிரான்சும் ஜெர்மனியும் அரசுப் பணத்தில் தத்தம் ஒளிபரப்புச் செயற்கைக்கோள்களைக் கட்டிக்கொண்டிருந்தன. மிக அதிக சக்தி, ஆனால் ஒவ்வொன்றிலும் நாலைந்து சேனல்தான். ஜெர்மனியின் முதல் கோள் 1987-ல் மேலே போனதும் அதன் சூரியத் தகடு ஒன்று விரியாமல் வீணாகிவிட்டது. லக்சம்பர்க்காரர்கள் வேறு வழியில் போனார்கள். ஒளிபரப்புக்கென்று ஒதுக்கிய அலைவரிசையைத் தொடாமல், தொலைத்தொடர்புக்கான அலைவரிசையில், நடுத்தர சக்தியில் 16 சேனல். வீட்டுக் கூரையில் 60 சென்டிமீட்டர் டிஷ் போதும். 1989 பிப்ரவரியில் பிரிட்டனின் ஸ்கை டிவி நிறுவனம் அதில் நான்கு சேனல்களோடு தொடங்கியது. அதற்கப்புறம் கேலி குறைந்துவிட்டது.

சரி, டிவி கோள்தானே? இதுல என்ன பெரிய விஷயம்?

பெரிய விஷயம் அடுத்தடுத்த கோள்களில் இருக்கிறது. 19.2 டிகிரி கிழக்கு என்ற ஒரே இடத்தில் 1991-ல் இரண்டாவது, 1993-ல் மூன்றாவது என்று பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே போனார்கள். வீட்டுக்காரர் டிஷ்ஷைத் திருப்ப வேண்டியதில்லை, சேனல் மட்டும் பெருகிக்கொண்டே இருக்கும். ஒரு முறை அந்தத் திசையில் திரும்பிய லட்சக்கணக்கான டிஷ்களைப் போட்டியாளர் வேறு பக்கம் திருப்புவது லேசில்லை.

இந்த நிறுவனத்தின் தலைமையகம் பெட்ஸ்டோர்ஃப் என்ற கிராமத்தில், கிராண்ட் டியூக் குடும்பம் முன்பு குடியிருந்த மாளிகை வளாகத்தில் இருக்கிறது. 2001-ல் அமெரிக்காவின் ஜிஇ அமெரிகாம் என்ற செயற்கைக்கோள் நிறுவனத்தை வாங்கினார்கள். 2025 ஜூலையில் இன்டெல்சாட்டையே வாங்கி முடித்தார்கள். இன்டெல்சாட் என்பது 1964-ல் அமெரிக்கா முன்னின்று பல அரசுகளைச் சேர்த்துத் தொடங்கிய செயற்கைக்கோள் தொடர்பு அமைப்பு. அது கடைசியில் ஒரு கிராமத்து மாளிகையின் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கிறது!

நம் ஊர் டிஷ்களுக்கும் சம்பந்தம் உண்டு. டிஷ் டிவி, ஏர்டெல் டிஜிட்டல் டிவி போன்ற சேவைகள் பல ஆண்டுகள் இந்த நிறுவனத்தின் கோள்களில்தான் இடம் வாடகைக்கு எடுத்திருந்தன. சீரியல் பார்த்த யாருக்கும் நடுவில் ஒரு லக்சம்பர்க் நிறுவனம் இருந்தது தெரிந்திருக்காது. அமெரிக்க ராக்கெட் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸ் வளர்ந்ததிலும் இவர்களுக்குப் பங்கு இருக்கிறது. புவிநிலைப் பாதைக்கு (பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் கோள் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் பாதை) அதன் பால்கன் 9 ராக்கெட் போன முதல் பயணத்தில் (2013) சரக்கு இவர்களுடையது. ஒரு தடவை பறந்து திரும்பிய பால்கன் 9 அடிக்கட்டத்தை முதன்முதலாக மறுபடி ஏவியபோதும் (2017 மார்ச்) நம்பிக் கோளைக் கொடுத்தவர்கள் இவர்களே.

கம்பெனி கோள் விடறதுக்கு ஒரு நாடு எதுக்கு? பணம் இருந்தா போதாதா?

இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், மற்ற எல்லாவற்றுக்கும் சாவி இதில் இருக்கிறது. பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் புவிநிலைச் சுற்றுப்பாதை ஒரு ஒற்றை வளையம். அதில் எந்த இடத்தில் எந்த அலைவரிசையில் பேசலாம் என்பதைப் பதிவு செய்வது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அங்கே நிறுவனம் நேரடியாக மனுப் போட முடியாது, அரசு மூலமாகத்தான் போட முடியும். அந்த வரிசையில் அமெரிக்காவும் லக்சம்பர்க்கும் ஒரே தகுதியுள்ள நாடுகள்.

ஆக, இரும்புத் தாது தீர்ந்தாலும் தீராத ஒரு சரக்கு தங்களிடம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சுதந்திர நாடு என்ற தகுதிதான் அது. அதன் பேரில் அனுமதி தரலாம், உரிமம் தரலாம், சட்டம் போடலாம். வானொலியில் அதைத்தான் விற்றார்கள், செயற்கைக்கோளிலும் அதைத்தான். கீழே வரும் நிலா மண், குறுங்கோள் (சூரியனைச் சுற்றும் சிறு பாறை) சமாசாரமும் அதே வியாபாரத்தின் அடுத்த கிளை. சும்மா அனுமதி கொடுத்துவிட்டு ஒதுங்கவும் இல்லை. எஸ்இஎஸ்ஸில் ஓட்டுரிமையின் மூன்றில் ஒரு பங்கை அரசுத் தரப்பே வைத்திருந்தது.

நம்ம இஸ்ரோவுக்கும் அவங்களுக்கும் ஏதாவது கொடுக்கல் வாங்கல் உண்டா?

உண்டு. 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி18 போனது நினைவிருக்கலாம். மேகா டிராபிக்ஸ், கான்பூர் ஐஐடியின் ஜுக்னு, காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம் மாணவர்களின் எஸ்ஆர்எம்சாட் ஆகியவற்றோடு நாலாவதாக ஏறியது வெசல்சாட் 1. அது பெட்ஸ்டோர்ஃபில் இருக்கும் லக்ஸ்ஸ்பேஸ் நிறுவனம் செய்தது. கடலில் கப்பல்கள் அனுப்பும் அடையாளச் சமிக்ஞைகளைப் பிடிப்பது அதன் வேலை.

கடலே இல்லாத நாட்டுக்குக் கப்பல் எதற்கு என்று சிரிக்க வேண்டாம். 1990-லிருந்து லக்சம்பர்க்குக்குச் சொந்தக் கப்பல் பதிவேடு உண்டு, அதன் கொடியோடு உலகம் சுற்றும் கப்பல்கள் உண்டு. முந்தைய பதிலில் சொன்ன அதே வியாபாரம்தான், கடலில்.

2020 நவம்பரில் பிஎஸ்எல்வி சி49-ல் போன நாலு லக்சம்பர்க் கோள்கள் கிளியோஸ் ஸ்பேஸ் என்ற நிறுவனத்தினுடையவை. அந்த நிறுவனம் 2023-ல் திவாலாகிவிட்டது.

குறுங்கோள்ல தங்கம் வெட்டப் போறாங்கன்னு எங்கேயோ படிச்சேன். நிஜமா?

2016 பிப்ரவரியில் அப்போதைய துணைப் பிரதமர் எத்தியேன் ஷ்னைடர் விண்வெளி வளங்கள் பற்றிய திட்டத்தை அறிவித்தார். 200 மில்லியன் யூரோ ஒதுக்குவதாகச் சொன்னார்கள். பத்திரிகைகளுக்குத் தங்கமும் பிளாட்டினமும் தலைப்பாகக் கிடைத்தன. விஷயம் தெரிந்தவர்கள் பேசியது தண்ணீரைப் பற்றி. நிலாவின் துருவத்திலோ குறுங்கோளிலோ கிடைக்கும் தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். அதுதான் ராக்கெட் எரிபொருள், மூச்சுக் காற்றும்கூட. பூமியிலிருந்து சுமந்து போகும் செலவு மிச்சம் என்பது கணக்கு.

தங்கத்தைப் பூமிக்குக் கொண்டுவரும் கணக்கு மட்டும் எனக்கு இதுவரை புரியவில்லை. ஜப்பானின் ஹயபுசா 2 ரியூகு குறுங்கோளிலிருந்து கொண்டுவந்தது 5.4 கிராம். நாசாவின் ஒசைரிஸ் ரெக்ஸ் 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்து பென்னுவிலிருந்து கொண்டுவந்தது 121.6 கிராம். அறிவியலுக்கு அது பொக்கிஷம். நகைக்கடைக்கு அல்ல.

நிலா எல்லாருக்கும் பொதுன்னுதானே சொல்வாங்க? ஒரு நாடு சட்டம் போட்டு எடுத்துக்க முடியுமா?

1967-ன் விண்வெளி ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு, நிலாவையோ வேறு விண்பொருளையோ எந்த நாடும் தன் ஆட்சிப் பகுதி என்று உரிமை கொண்டாட முடியாது என்கிறது. அங்கிருந்து தோண்டி எடுத்த கல் யாருடையது என்று அது நேரடியாகச் சொல்லவில்லை. சண்டை அந்த இடைவெளியில்தான்.

லக்சம்பர்க்கின் வாதம் மீன்பிடியை வைத்து அமைந்தது. நடுக்கடல் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அங்கே வலை போட்டுப் பிடித்த மீன் பிடித்தவனுக்குச் சொந்தம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீன் குஞ்சு பொரிக்கும், நிலாவின் பனிக்கட்டி பொரிக்காது. எடுத்தால் தீர்ந்தது. எதிர்ப்பவர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான்.

1979-ன் நிலா ஒப்பந்தம் நிலாவையும் அதன் வளங்களையும் மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்று அறிவித்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே அதை ஏற்றன. இந்தியா கையெழுத்துப் போட்டதோடு சரி, உறுதி செய்யவில்லை. நடைமுறையில் கல் கைமாறியும் இருக்கிறது. சோவியத்தின் லூனா 16 கொண்டுவந்த துளிகள் 1993-ல் சதபீஸ் ஏலத்தில் 4,42,500 டாலருக்குப் போயின. 2015-ல் அமெரிக்கா, 2017-ல் லக்சம்பர்க், பிறகு ஐக்கிய அரபு அமீரகம், ஜப்பான் என்று எடுத்தவருக்கே சொந்தம் என்ற சட்டங்கள் வரிசையாக வந்தன. இந்தியாவின் 2023 விண்வெளிக் கொள்கையும் தனியார் எடுக்கும் குறுங்கோள் வளத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம், விற்கலாம் என்கிறது. அது கொள்கை, இன்னும் சட்டமில்லை. ஐநாவில் 2021-லிருந்து ஒரு பணிக்குழு பேசிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சட்டத்துல அப்படி என்னதான் எழுதியிருக்கு?

2017 ஜூலை 20 தேதியிட்ட சட்டம், ஆகஸ்ட் 1 முதல் அமலில் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் எதிர்த்து விழுந்த ஓட்டு இரண்டே. சில பக்கங்களில் முடிந்துவிடும். முதல் பிரிவு ஒரே ஒரு வாக்கியம்: விண்வெளி வளங்கள் உடைமையாக்கத் தக்கவை. மீதியெல்லாம் நிபந்தனை. நிறுவனத்தின் பதிவு அலுவலகம் லக்சம்பர்க்கில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 5,000 முதல் 5,00,000 யூரோ வரை. சேதம் ஏற்பட்டால் முழுப் பொறுப்பும் நிறுவனத்துடையது. அனுமதியில்லாமல் இறங்கினால் எட்டு நாள் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. எட்டு நாள் என்ற கணக்கைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, நிலாவுக்குப் போய்வரும் நேரமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

மொத்தத்துல வரிக்குப் பயந்து பேருக்கு ஒரு ஆபீஸ் வச்சுக்கிற மாதிரிதானே இதுவும்?

பாதி உண்மை. அமெரிக்கச் சட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கு. லக்சம்பர்க் சட்டமோ பங்குதாரர் எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை, பதிவு அலுவலகம் உள்ளூரில் இருந்தால் சரி. வங்கிகளை இழுத்த அதே உத்தி.

மீதிப் பாதி: மேலே சொன்ன 1967 ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவுப்படி, தனியார் செய்வதற்கும் அந்த நாட்டு அரசே உலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும். அதனால் ஆளில்லாத அறையில் பெயர்ப்பலகை மாட்டும் விளையாட்டு இதில் ரொம்ப நாள் ஓடாது. ஆனால் ஏழு லட்சம் பேர்கூட இல்லாத நாடு, பெரிய நிறுவனங்கள் பலவற்றை ஒரே நேரத்தில் உண்மையாகவே கண்காணிக்க முடியுமா என்ற கவலை எனக்கும் உண்டு.

போட்ட காசெல்லாம் போச்சாமே?

ஒரு பகுதி போனது. குறுங்கோளில் வளம் எடுக்கத் திட்டமிட்ட அமெரிக்காவின் பிளானட்டரி ரிசோர்சஸ் நிறுவனத்தில் 2016-ல் அரசு 12 மில்லியன் யூரோவுக்குப் பங்கு வாங்கியது. அந்த நிறுவனம் பணமில்லாமல் தள்ளாடி, 2018-ல் கான்சென்சிஸ் என்ற பிளாக்செயின் நிறுவனத்தின் கைக்குப் போனது. பங்குப் பணம் திரும்பவில்லை. ராணுவக் கண்காணிப்புக் கோளுக்கு 2018-ல் 170 மில்லியன் யூரோ ஒதுக்கி, பிறகு கணக்கு எகிறியதில் 2020-ல் நாடாளுமன்றத்தில் பெரிய அமளி. அந்தக் கோள் 2025 ஆகஸ்டில் ஒருவழியாக மேலே போனது.

நிலாவுக்கு இதுவரை ஏதாவது போயிருக்கா?

இரண்டு முறை. 2014 அக்டோபரில் சீனா நிலாவைச் சுற்றித் திரும்பும் ஒரு சோதனைக் கலத்தை ஏவியபோது, அந்த ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தோடு லக்ஸ்ஸ்பேஸ் நிறுவனத்தின் 14 கிலோ பெட்டி ஒன்றை ஒட்டி அனுப்பினார்கள். தாய் நிறுவனமான ஓஎச்பியை உருவாக்கி அந்த ஆண்டு மறைந்த மன்ஃப்ரெட் ஃபுக்ஸ் நினைவாகப் பெயர். நிலாவைத் தாண்டிப் போகும்போது அது அனுப்பிய சமிக்ஞையை உலகெங்கும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பிடித்தார்கள்.

இரண்டாவது டெனேஷியஸ். ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனம் லக்சம்பர்க்கில் வைத்திருக்கும் கிளை அங்கேயே கட்டிய ரோவர். நீளம் 54 சென்டிமீட்டர், உயரம் 26, எடை ஐந்து கிலோ அளவில். நாலு சக்கரம், மண் அள்ள முன்னால் ஒரு சின்னக் கரண்டி. ஸ்வீடன் ஓவியர் மிக்கேல் கென்பெரியின் தீப்பெட்டி மாதிரி ஒரு சிவப்பு வீடும் அதோடு போனது. 2017 சட்டப்படி அனுமதி வாங்கிய முதல் பயணம் இது. 2025 ஜனவரியில் கிளம்பி ஜூன் 5 அன்று தரையிறங்க வேண்டும். இறங்கும்போது உயரம் அளக்கும் லேசர் கருவி நேரத்துக்கு அளவு தரவில்லை, ரோவரைச் சுமந்து போன லேண்டர் போதுமான அளவு வேகம் குறையாமல் மோதிவிட்டது. ரோவர் வெளியே வரவே இல்லை.

அந்த ரோவர் மண்ணை அள்ளி நாசாவுக்கு 5,000 டாலருக்கு விக்கப் போச்சாமே? அதுல என்ன லாபம்?

லாபம் ஒன்றுமில்லை, யாரும் அதற்காக அனுப்பவில்லை. 2020 டிசம்பரில் நிலா மண்ணை வாங்க நாசா நாலு ஒப்பந்தங்களை அறிவித்தது, அதில் ஒன்று ஒரே ஒரு டாலருக்கு! மண் நாசாவுக்கு வந்து சேரவேண்டும் என்றுகூட இல்லை. அள்ளி, படம் எடுத்து, இனி இது உங்களுடையது என்று அங்கேயே கைமாற்றினால் போதும்.

வேண்டியது முன்னுதாரணம். நிலாவில் ஒரு நிறுவனம் எடுத்ததை இன்னொருவர் காசு கொடுத்து வாங்கினார் என்று ஒரு ரசீது இருந்தால், மேலே சொன்ன மீன் வாதத்துக்கு நடைமுறை பலம் கூடும். லக்சம்பர்க் கிளையின் கையில் அந்த ரசீது வர இருந்தது, ஜூன் மாத மோதலில் நழுவிவிட்டது.

சாதாரண மனுஷனுக்கு இதனால ஏதாவது பிரயோஜனம்?

ஒன்று சொல்லலாம். பேரிடர் நடந்த இடத்துக்கு விமானத்தில் ஆண்டெனாவோடு போய், எஸ்இஎஸ் கோள்கள் வழியாக நிவாரணப் பணியாளர்களுக்கு இணையமும் தொலைபேசியும் கொடுக்கும் சேவை ஒன்றை 2012-லிருந்து அந்த அரசு நடத்துகிறது. 2015 நேபாள நிலநடுக்கத்தில் அது வேலை செய்தது. பயன்படுத்துபவரிடம் காசு வாங்குவதில்லை.

அங்கே போய் இதைப் படிக்க முடியுமா? வேலை கிடைக்குமா?

லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தில் 2019 முதல் விண்வெளி முதுகலைப் படிப்பு ஆங்கிலத்திலேயே இருக்கிறது. பொறியியலோடு தொழில், நிர்வாகப் பாடங்களும் சேர்ந்தது. நிலாத் தரை போலக் கருங்கல் பொடி நிரப்பி, ஒரு மூலையிலிருந்து சூரியன் மாதிரி விளக்கடித்து ரோவர் ஓட்டிப் பழகும் ஆய்வகமும் அங்கே உண்டு. ஐரோப்பிய விண்வெளி முகமையோடு சேர்ந்து 2020-ல் தொடங்கிய விண்வெளி வள ஆய்வு மையமும் அந்த நாட்டில்தான்.

வேலையில் எஸ்இஎஸ் தவிர மற்றவை பெரும்பாலும் சின்ன நிறுவனங்கள், கிளியோஸ் கதையை மனதில் வைத்துக்கொண்டு சேருவது நல்லது. ராணுவத் தொடர்புள்ள திட்டங்களில் வெளிநாட்டவருக்கு இடம் கிடைப்பது கடினம். பேருந்து, ரயில், டிராம் மூன்றும் 2020 மார்ச்சிலிருந்து இலவசம், ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு. வீட்டு வாடகைதான் விழி பிதுங்க வைக்கும். அதனால் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி எல்லையோர ஊர்களில் குடியிருந்து தினமும் வந்து போகிறவர்கள் அங்கே ஏராளம்.